மூளைக்குள் எட்டிப் பார்க்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உசிலம்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கி, வட ஐரோப்பாவின் குளிரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். மூளையில் சுரக்கும் நரம்புக் கடத்திகளை ஸ்கேன் மூலம் அளப்பது என் தொழில். பள்ளி, கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது மாணவர்கள் கேட்பதையும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பந்தியில் கேட்கப்படுபவைதான் கடினமானவை.

நீங்கள் டாக்டர்தானே? தலைவலிக்கு ஒரு மாத்திரை சொல்லுங்களேன்.

ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். மாத்திரை எழுதித் தர எனக்கு உரிமை கிடையாது. "இத்தனை வருடம் படித்தும் ஒரு ஊசி போடத் தெரியவில்லையா?" என்று என் அத்தை இன்றும் கேட்கிறார். எலிக்குப் போடுவேன் என்றேன் ஒருமுறை. அதன்பிறகு அவர் வீட்டில் எனக்குக் காபி தாமதமாகத்தான் வருகிறது.

நரம்புக் கடத்தி என்றால் என்ன?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், இருக்கின்றன. ஒன்று அடுத்ததைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. முதல் நியூரான் ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. டோபமைன், செரட்டோனின், கிளூட்டமேட், காபா எல்லாம் அப்படிக் கொட்டப்படுபவைதான்.

இந்தச் செய்தி வேதிப்பொருளாகத்தான் போகிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து இன்னொன்றின் மேல் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் நாள் இரவு எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். என் கையெழுத்தும் அப்படித்தான், பரிசுதான் வரவில்லை.

ஸ்கேன் எடுத்தால் நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. செய்தித்தாளில் மூளைப் படத்தின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் தெரிகின்றனவே, அவை கேமராவில் விழுந்தவை அல்ல, கணக்குப் போட்டு நாங்கள் பூசியவை. இந்தத் துறையைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அந்தப் படங்களை எடுக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் அளப்பது ரத்தத்தை. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்கின்றன. இதை வைத்து மூளையின் வேலையைக் கவனிக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டினார். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது என்று தூரத்தில் நின்று பார்த்து, இன்ன வயலில் நடவு நடக்கிறது என்று ஊகிக்கிறோம். அங்கே நாற்று நடும் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது கேட்காது. தண்ணீரும் உடனே வந்துவிடுவதில்லை. நியூரான் வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் ரத்தத்தின் மாற்றம் உச்சத்தைத் தொடுகிறது. படத்தில் தெரியும் ஒரு சிறு புள்ளிக்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் அடங்கியிருக்கும்.

இதில் டோபமைன் எங்கே என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை. அதைப் பார்க்க வேறு வழி வேண்டும்.

டோபமைனை எப்படித்தான் பார்க்கிறீர்கள்?

நேராகப் பார்க்க முடியாது. அது போய் உட்காரும் நாற்காலிகளை எண்ணுகிறோம்.

ராக்லோபிரைடு என்று ஒரு மருந்து. டோபமைனின் ஏற்பிகளில் ஒரு வகையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவுக்குப் பதிலாகக் கதிரியக்கமுள்ள கார்பன்-11 அணுவை வைத்து, மிகமிகக் குறைந்த அளவில் ரத்தத்தில் செலுத்துகிறோம். அந்த அணு சிதையும்போது எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரான் வெளிவரும். அது பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்கள் கிளம்பும். தலையைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு உணர்விகள் ஒரே கணத்தில் கதிரை வாங்கினால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த அணு இருந்தது என்று பொருள். கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். இதுதான் பெட் ஸ்கேன்.

மூளையில் டோபமைன் அதிகமாகக் கொட்டினால் நாற்காலிகள் நிரம்பிவிடும், ராக்லோபிரைடுக்கு இடம் குறையும், படம் மங்கும். படம் மங்கினால் டோபமைன் கூடியிருக்கிறது என்று கணக்கு. முதல் முறை கேட்டபோது எனக்கும் தலைகீழாகத்தான் பட்டது. ஊர்த்திருவிழாவில் பேருந்தில் ஏறியும் உட்கார இடம் கிடைக்காமல் திரும்பி வருபவர்களை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது போன்றது இது.

உயிருள்ள மனிதனின் மூளையில் டோபமைன் ஏற்பிகளை முதன்முதலில் படமெடுத்தது 1983-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில். ஊசி போட்டுக்கொண்டு உள்ளே படுத்தவர் குழுவின் தலைவர் ஹென்றி வாக்னரே.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம். அதாவது 20 நிமிடத்தில் பாதி காணாமல் போகும். அடுத்த 20 நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. பெரியார் பேருந்து நிலையத்தில் ஒரு பொட்டலத்தோடு நகரப் பேருந்தில் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பாதிகூட இருக்காது. கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டால் கால்வாசி. ஆகவே கார்பன்-11-ஐ வேறு ஊரிலிருந்து வரவழைக்க வழியே இல்லை. அதைச் செய்யும் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி இயந்திரம் அதே கட்டடத்தில் இருந்தாக வேண்டும். ஃபுளோரின்-18 கொஞ்சம் பொறுமைசாலி. அதன் அரை ஆயுள் 110 நிமிடம். மதுரையிலிருந்து காரில் புறப்பட்டால் திருச்சியை நெருங்கும்போது பாதி மிச்சமிருக்கும். புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரையைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் ஐரோப்பாவில் இருந்தபோது காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். அடித்தளத்தில் சைக்ளோட்ரான் நைட்ரஜன் வாயுவின் மேல் புரோட்டான்களை வீசி அடித்துக்கொண்டிருக்கும். அதில் உருவாகும் கார்பன்-11, மெல்லிய குழாய் வழியாக என் அறைக்கு வரும். எனக்கும் அதற்கும் நடுவே ஈயச் சுவர். கண்ணாடி வழியே பார்த்தபடி உள்ளே இருக்கும் கருவியை இயக்குவேன். வாயுவை மீத்தைல் அயோடைடாக மாற்றி, அதை மருந்து மூலக்கூறின் மீதிப் பகுதியோடு சேர்த்து, தூய்மைப்படுத்தி, நுண்வடிகட்டியில் வடித்து, புட்டியில் பிடிக்க வேண்டும். அதற்குள் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். செய்ததில் முக்கால் பங்கு அதற்குள் சிதைந்துபோயிருக்கும்.

பிறகு தரச்சோதனை. கார அமிலத்தன்மை, தூய்மை, வடிகட்டி கிழியவில்லை என்பதற்கான அழுத்தச் சோதனை. ஒருவர் சோதிக்க, இன்னொருவர் கையெழுத்திட, மூன்றாமவர் ஈயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஓடக்கூடாது என்பது விதி. எல்லோரும் ஓட்டமாக நடப்பார்கள். ஸ்கேனரில் தன்னார்வலர் அதற்கு முன்பே படுத்திருப்பார். ஸ்கேன் ஒரு மணி நேரம். அது முடியும்போது ஊசியில் போனதில் எட்டில் ஒரு பங்கு கதிரியக்கம்தான் மிச்சம். அதன்பின் பொழுது சாயும்வரை எண்களோடு மல்லுக்கட்டல்.

வேலையில் பெரும்பகுதி சமையற்கட்டு வேலைதான். பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், அடுப்பு சரியாக எரிய வேண்டும், விருந்தாளி ஏற்கெனவே இலை முன் உட்கார்ந்துவிட்டார்.

சொதப்பியது உண்டா?

நிறைய. ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், மின்கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று வார இறுதியில் ஆய்வுக்கூடத்தின் குளிரூட்டியை அணைத்துவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை, தூய்மைப்படுத்தும் கருவியில் மருந்து வழக்கமான நிமிடத்தில் வெளிவரவில்லை. வருமா, வராதா என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் தாமதித்து வந்தபோது அதோடு வேறேதோவும் ஒட்டிக்கொண்டு வந்தது. தரச்சோதனையில் தோல்வி. மாடியில் அறுபது வயதுப் பெண் ஒருவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், தலை அசையாதிருக்க முகத்தில் பொருத்திய முகமூடியோடு அசையாமல் படுத்திருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். "பரவாயில்லை, எனக்கு இப்போது ஒரு காபி கிடைக்குமா?" என்றார். அந்த வாரம் முழுவதும் அறையின் வெப்பநிலையைக் கையால் எழுதி வைத்து, அறிக்கையோடு சேர்த்து அனுப்பினேன். பதில் ஏதும் வரவில்லை. குளிரூட்டியை மட்டும் அதன்பிறகு யாரும் அணைக்கவில்லை.

கைபேசி பார்த்தால் டோபமைன் சுரந்து பிள்ளைகள் அடிமையாகிவிடுவார்களாமே?

பெற்றோர் கூட்டங்களில் முதல் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1998-இல் லண்டனில் எட்டு ஆண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, பீரங்கி வண்டி ஓட்டும் வீடியோ விளையாட்டை ஆடவைத்தார்கள். ஜெயித்தால் காசு. ராக்லோபிரைடு ஒட்டுவது குறைந்தது. ஆகவே டோபமைன் கொட்டியிருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். அருமையான ஆய்வு. ஆனால் அது சொல்வது, காசுக்காக ஆர்வத்தோடு விளையாடும்போது டோபமைன் வெளிவருகிறது என்பதை. பசித்த வயிற்றுக்குச் சோறு கிடைத்தாலும் வெளிவரும். "டோபமைன் வந்தது, ஆகவே போதை" என்று தாவுவதற்கு அங்கே பாலம் இல்லை.

டோபமைனை மகிழ்ச்சி ரசாயனம் என்று எழுதுகிறார்கள். அதையும் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நியூரான்களைப் பதிவு செய்து கண்டதை நம் ஊர்க் கதையாகச் சொல்கிறேன். தாய்மாமா ஒருநாள் திடீரென்று அல்வாப் பொட்டலத்தோடு வருகிறார். பிள்ளையின் மூளையில் டோபமைன் நியூரான்கள் படபடக்கின்றன. அடுத்தடுத்த வாரமும் வருகிறார். இப்போது பொட்டலத்தைக் கண்டு நியூரான்கள் அசைவதில்லை; தெருமுனையில் அவருடைய புல்லட் சத்தம் கேட்டதுமே படபடத்துவிடுகின்றன. ஒருநாள் சத்தம் கேட்கிறது, மாமா வருகிறார், கையில் ஒன்றும் இல்லை. அல்வா வர வேண்டிய அந்த நேரத்தில் நியூரான்கள் வழக்கமான துடிப்பைக்கூடக் குறைத்துக்கொள்கின்றன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவை கணக்கெடுக்கின்றன. அல்வாவின் ருசி வேறு கணக்கு.

பிள்ளைகள் கைபேசியில் மூழ்குவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். தூக்கம் கெடுகிறது, கண் கெடுகிறது, படிப்பு கெடுகிறது. இந்தக் காரணங்களே போதும்; டோபமைனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். 'டோபமைன் விரதம்' என்று பணம் கட்டி முகாமுக்குப் போகிறவர்கள், மூளையில் டோபமைன் உண்மையாகவே வற்றினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கின்சன் நோயாளியின் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

என் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. ஸ்கேன் எடுத்தால் பார்க்கின்சனா என்று தெரியுமா?

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அப்பாவை நடக்கவிட்டு, கையை மடக்கி நீட்டி, விரலால் தட்டச் சொல்லிப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். வயதானவர்களுக்கு வரும் எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. டம்ளரைத் தூக்கும்போது நடுங்குவது ஒரு வகை. சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குவது இன்னொரு வகை. பார்க்கின்சனில் பெரும்பாலும் பின்னதுதான்.

சந்தேகம் தீராதபோது டோபமைன் நியூரான்களின் முனைகளைக் காட்டும் ஸ்கேன் ஒன்று உண்டு. நம் நாட்டில் டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய டிரோடாட் என்ற மருந்தை வைத்து எடுக்கிறார்கள். ஆரோக்கியமான மூளையில் நடுவே இரண்டு காற்புள்ளிகள் எதிரெதிராக ஒளிரும். பார்க்கின்சனில் காற்புள்ளியின் வால் மறைந்து, முற்றுப்புள்ளியாகச் சுருங்கிவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் முன்னதாக. முதன்முதலில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தபோது, தமிழாசிரியர் சிவப்பு மையில் திருத்திய என் கட்டுரை நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

இந்நோயில் நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சிறு பகுதியின் நியூரான்கள் மடிகின்றன. உடல் நெடுநாள் சமாளிக்கும். நடுக்கம் வெளியே தெரியும்போது டோபமைனில் பெரும்பகுதி போயிருக்கும். டோபமைனை அப்படியே ஊசியாகப் போட முடியாதா என்றால், முடியாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோப்பா நுழையும். மாத்திரையில் இருப்பது அதுதான். சித்த மருத்துவத்தில் பயன்படும் பூனைக்காலி விதையிலும் லெவோடோப்பா இயற்கையாக இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் அதன் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு இரட்டித்தால் கை கால் தன்போக்கில் முறுக்கிக்கொள்ளும், மனக்குழப்பமும் வரலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இன்னொன்று: பருப்பு, முட்டை, கறி ஆகியவற்றில் உள்ள புரதம் லெவோடோப்பாவோடு போட்டி போடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வது அதனால்தான்.

செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

அவ்வளவு எளிதில்லை. உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அது மூளைக்குள் போகாது. மூளையில் அது குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற விளக்கம் இப்போது பலமாகக் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதும், எப்படி வேலை செய்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

கதிரியக்கம் ஆபத்தில்லையா?

சர்க்கரை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேனில், அதோடு சேர்ந்த சி.டி. ஸ்கேனைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுமார் 7 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வருடத்துக்கு நாம் சும்மாவே வாங்குவது உலகச் சராசரியில் 2.4. கர்ப்பிணிகளை ஆய்வுக்கு எடுக்க மாட்டோம். எம்.ஆர்.ஐ.யில் கதிரியக்கமே கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர்.

எம்.ஆர்.ஐ.யில் நரம்புக் கடத்தியை அளக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். காந்த அதிர்வு நிறமாலை என்ற முறையில் காபாவையும் கிளூட்டமேட்டையும் அளக்கலாம். ஆனால் காபாவுக்குப் பெரிய எலுமிச்சம்பழ அளவு இடத்திலிருந்து பத்து நிமிடம் சமிக்ஞை சேகரித்தால்தான் ஒரே ஓர் எண் கிடைக்கும். அதில் எவ்வளவு நியூரான்களின் இடைவெளியில் இருந்தது, எவ்வளவு செல்லுக்குள்ளேயே சேமிப்பில் கிடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டோபமைன் இருக்கும் அளவு இன்னும் மிகக் குறைவு, இதில் அகப்படாது.

இவ்வளவு ஊகம் என்றால், இந்த ஆய்வுகளை நம்பலாமா?

எந்த ஆய்வு, எத்தனை பேரை வைத்து என்று கேட்டுவிட்டு நம்பலாம்.

2009-இல் ஓர் அமெரிக்கக் குழு செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, "இவர் என்ன உணர்கிறார்?" என்று கேட்டது. வழக்கமான கணக்கைத் திருத்தம் இல்லாமல் போட்டதில், மீனின் மூளையில் ஒரு புள்ளி சிவப்பாக ஒளிர்ந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும் என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. 2020-இல் வந்த ஆய்வு இன்னும் சங்கடமானது. ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்குப் பதில் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்குப் பதில்களும் மாறின.

எனக்கும் இது நடந்தது. இருபத்திரண்டு பேரை வைத்துச் செய்த ஆய்வில் அழகான ஒரு முடிவு கிடைத்தது. எழுதிக்கூட முடித்துவிட்டேன். தலை அசைந்ததற்கான திருத்தத்தைக் கொஞ்சம் கடுமையாக்கிப் பார்த்தபோது முடிவு கரைந்துபோனது. கட்டுரை இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மேற்கத்திய மூளையும் நம் மூளையும் ஒன்றா?

வேதியியல் ஒன்றுதான். அளவில் சின்ன வித்தியாசம் உண்டு. உலகெங்கும் ஒவ்வொருவருடைய மூளைப் படத்தையும் ஒரு பொது அச்சுக்குள் பொருத்தித்தான் ஒப்பிடுகிறார்கள். அதிகம் புழங்கும் அச்சு கனடாவின் மான்ட்ரியாலில் 152 பேரின் படங்களைக் கொண்டு செய்தது. நம்மவர்களின் மூளை சராசரியில் அதைவிடச் சற்றுச் சிறியது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 100 இந்தியர்களின் படங்களை வைத்து 2019-இல் ஓர் இந்திய அச்சை வெளியிட்டார்கள். சிறியது என்றால் அறிவு குறைவா என்று உடனே கேட்கிறார்கள். இல்லை. யானையின் மூளை நம்முடையதைவிட மூன்று மடங்கு.

மதுரைக்கும் மூளை ஆய்வுக்கும் என்ன தொடர்பு?

நல்ல தொடர்பு உண்டு, ஊரில் தெரிந்தவர்கள்தான் குறைவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் உயிர்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தார். மதுரைப் பக்கத்துக் குகையின் இருட்டில் வௌவாலைக் கூண்டில் அடைத்துவைத்து அவரும் மாணவர்களும் கவனித்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் தினமும் வெளியே போய்வரும்போது, வெளிச்சமே பார்க்காத கூண்டு வௌவாலும் அதே நேரத்துக்குச் சிறகடித்தது. தனியாக வைத்தபோது அதன் நாள் மெல்ல நழுவிப் போனது. கூட்டத்தின் ஓசையை வைத்தே அது மணி பார்த்திருக்கிறது! இந்த ஆய்வு 1981-இல் வெளிவந்தது. மனிதர்களையும் கடிகாரம், சூரிய வெளிச்சம் இல்லாத தனியறையில் நாள்கணக்கில் தங்கவைத்துப் படிக்கும் வசதியை அதே வளாகத்தில் அவர் ஏற்படுத்தினார். கோடி ரூபாய் இயந்திரம் இல்லை. குகை, கூண்டு, பொறுமை. நான் கல்லூரியில் படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒரு ஜெர்மானியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நீட் எழுதித்தான் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. வேதியியல், இயற்பியல், உயிரியல், கணினி, உளவியல் எதிலிருந்தும் வரலாம். என் குழுவில் மருத்துவர் இருந்தார், கணக்கு படித்தவர் இருந்தார், கப்பல் பொறியியல் படித்துவிட்டு மனம் மாறியவரும் இருந்தார்.

பி.எஸ்சி. முடித்து ஜாம் (JAM) நுழைவுத்தேர்வெழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். அதன்பின் முனைவர் பட்டத்துக்கு கேட் (GATE), சி.எஸ்.ஐ.ஆர். நெட் (NET) போன்ற தேர்வுகள். பெங்களூரில் நிம்ஹான்ஸும் இந்திய அறிவியல் கழகமும், ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும், சென்னை ஐ.ஐ.டி.யில் மூளை மையமும் இருக்கின்றன. கதிரியக்க மருந்தில் ஆர்வமிருந்தால் மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தைப் பாருங்கள். நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-இல் அங்கேதான் வந்தது.

பணம்? நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்கும் (ஜே.ஆர்.எஃப்.) தேறினால், 2023-இல் வந்த கணக்குப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் உதவித்தொகை மாதம் தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். மூன்று மாதம் சேர்த்து வரும். சில சமயம் ஐந்து.

தமிழ் வழியில் படித்தவர்களால் முடியுமா?

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி. கல்லூரியில் முதல் ஆறு மாதம் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் பலகையை மட்டும் நகலெடுத்தேன். வேதியியலில் ஒரு நன்மை, சமன்பாடு எந்த மொழியிலும் ஒன்றுதான். புரிந்துகொண்டது தமிழில், எழுதியது ஆங்கிலத்தில். இன்றும் கடினமான ஒரு வாதத்தைத் தமிழில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். எங்கே தடுக்குகிறதோ, அங்கே எனக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

சைக்ளோட்ரான் இல்லாமல் மதுரையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

தரவை ஆராயலாம். உலகில் எடுத்த ஆயிரக்கணக்கான மூளைப் படங்கள் பெயர் நீக்கிப் பொதுவில் கிடக்கின்றன. அமெரிக்காவின் மனித மூளை இணைப்புத் திட்டம் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட இளைஞர்களின் படங்களைத் தந்திருக்கிறது. ஆராயும் மென்பொருள்களும் இலவசம். நல்ல கணினியும், தடையில்லா மின்சாரமும், பைத்தான் என்ற கணினி மொழியும், கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். நான் செய்வது பெரும்பாலும் இதுதான். மாதம் ஒருமுறை இரவு ரயிலில் பெங்களூர் போகிறேன்.

ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊர் திரும்பியபின் ஒரு சிறு ஆய்வுக்காக இங்கே ஒரு ஸ்கேன் மையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் கிராமத்துப் பெண்கள். மூன்று டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 60 ஆயிரம் மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும் அது அணைந்திருப்பதில்லை. இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் சங்கிலி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம்; கொக்கியிலும் திருகாணியிலும் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களிடம் வாதாடுவதில்லை. மஞ்சள் கயிறு ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டபிறகே சங்கிலியைக் கழற்றுவார்கள். ஆண்களிடம் அரைஞாண் கயிற்றையும் அதில் கோத்த தாயத்தையும் கேட்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், வெட்கத்தில். கோவில் பூசாரி கட்டியது ஏதாவது உண்டா என்று கேட்டால் உண்டு என்பார்கள்.

மல்லிகைப்பூவால் ஆபத்தில்லை; அதைச் செருகிய கொண்டை ஊசியால் ஆபத்து. எல்லாவற்றையும்விட மோசமானது ஊக்கு. தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்துக்கொள்வது நம் பெண்களின் வழக்கம், அவசரத்துக்கு உதவும் என்று. ஜாக்கெட்டில் ஒன்று, புடவை மடிப்பில் ஒன்று, உள்பாவாடை நாடாவில் ஒன்று. எல்லாம் எடுத்தாயிற்றா அக்கா என்று கேட்டால், ஆயிற்று என்பார்கள்; கைக்காந்தத்தை வைத்துத் தடவினால் இன்னும் ஒன்று கிடைக்கும்.

கதவருகே ஓர் எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை முடிவில் அதில் பதினாறு ஊக்குகள், ஆறு கொண்டை ஊசிகள், ஒரு செப்புத் தாயத்து, இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள், யாருடையது என்று கடைசிவரை தெரியாத ஒரு பீரோ சாவி.